ஆசிரியரில்லா வீட்டில் ஆறு தந்திகள்: கிற்றார்த் தற்பயிற்சி நூல்கள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

கவிதையும் நாவலும் விமர்சனத்துக்குரியவை, கையேடுகள் விற்பனைக்குரியவை என்றொரு பாகுபாடு எழுத்துலகில் நெடுங்காலமாக நிலவி வருகின்றது. தையற்கலை, தட்டச்சு, சங்கீதம் என்றவாறு ‘ஆசிரியரின்றிக் கற்கலாம்’ என வாக்களித்து வெளிவரும் நூல்களைப் புலமையாளர் எவரும் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் இந்நூல்கள் வாசகனிடத்தே செலுத்தும் அதிகாரம் நாவலின் அதிகாரத்தினும் பெரிது. நாவலொன்று தோல்வியுற்றால் வாசகன் நாவலைக் குறைகூறுகின்றான். தற்பயிற்சி நூலொன்று தோல்வியுற்றால் அவன் தன்னையே குறைகூறிக்கொள்கின்றான். ‘நமக்குச் சங்கீத ஞானம் இல்லை’ என்ற தீர்ப்பைத் தனக்குத் தானே வழங்கிவிட்டு, கருவியை அலுமாரியின் மேலே வைத்துவிடுகின்றான். புதிதாகக் கிற்றார் தொடங்குவோரில் 90 வீதத்தினர் முதலாண்டுக்குள்ளேயே அதனைக் கைவிடுகின்றனர் என, ஃபென்டர் கிற்றார் நிறுவனத்தின் தலைமை நிருவாகியாயிருந்த அன்டி மூனி கூறியதுண்டு. வணிகரின் கூற்று என்பதால் இவ்விலக்கத்தைச் சற்று ஐயத்துடனேயே நோக்கலாம். எனினும் அதிற் பாதியே உண்மையெனினும், இத்தனை பேர் பிறவியிலேயே செவிப்புலன் குன்றியவர்கள் என்று கொள்வது பகுத்தறிவுக்கு ஒவ்வாது. குறை நூல்களிலே உளதா என்று நோக்குவது விமர்சனத்தின் கடமையாகின்றது.

இவ்வகை நூல்களுள் மிகப் பரந்த செல்வாக்குப் பெற்றது, பேர்ட் வீடன் என்னும் ஆங்கிலேயக் கலைஞர் 1957இல் வெளியிட்ட ‘பிளே இன் எ டே’ என்பதாகும். ஒரே நாளில் வாசிக்கலாம் என்பது அத்தலைப்பின் பொருள். நூல் தோன்றிய சூழலை மனங்கொள்ளாது இதனை மதிப்பிட முடியாது. 1956இல் லொனி டொனகன் பாடிய ‘றொக் ஐலண்ட் லைன்’ பிரித்தானிய இளைஞரிடையே பெரும் வரவேற்பைப் பெற்றது. ‘ஸ்கிஃபிள்’ என வழங்கிய அவ்விசைக்கு மலிவான கிற்றார் ஒன்றும், சலவைப் பலகை ஒன்றும், தேயிலைப் பெட்டியிற் கட்டிய ஒற்றைத் தந்தியும் போதுமாயிருந்தன. பியானோவும் வயலினும் கற்பிக்க ஊர்தோறும் ஆசிரியர் இருந்தனர். தொழிலாளர் குடியிருப்புப் பையன்கள் விரும்பிய இசையைக் கற்பிப்பதற்கோ ஆளில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பிய நூல் இது. எரிக் கிளப்ரன், பிரையன் மே முதலாகப் பின்னாளிற் புகழ்பெற்ற கலைஞர் பலர் இந்நூலைக் கொண்டு தொடங்கியவர்கள்.

தலைப்புக்கும் உள்ளடக்கத்துக்குமிடையே உள்ள முரண்பாடு கவனிக்கத்தக்கது. தலைப்பு சந்தைக் கூவல். உள்ளே இருப்பதோ நிதானமான ஒரு பாடப்புத்தகம். கருவியின் உறுப்புக்கள், சுருதி சேர்த்தல், ஐந்து கோடுகளில் எழுதும் மேனாட்டுச் சுரக்குறிப்பு, எளிய பாடல்கள், ‘கோட்’ என வழங்கும் சுரக்கூட்டுக்கள் என அது படிப்படியாகச் செல்கின்றது. ஒரு நாளில் அதனை முடித்தவர் எவருமிலர். அவ்வாறாயின் தலைப்பு ஏமாற்றா? ஒருவகையில் ஆம். ஆனால் அந்த ஏமாற்று ஒரு வாயிலைத் திறந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ‘பத்தாண்டு சாதகம் செய்க’ என்ற தலைப்போடு வந்திருந்தால் லிவர்பூலின் பையன் ஒருவனாவது அதனைத் தொட்டிருப்பானோ என்பது ஐயத்துக்குரியது.

நூலின் உண்மையான குறை வேறோரிடத்தில் உள்ளது. அதனை விளக்கப் பீற்றில்ஸ் குழுவினரின் இளமைக்கால நிகழ்ச்சியொன்று துணைபுரியும். போல் மக்கார்ட்னி பல பேட்டிகளில் நினைவுகூர்ந்த செய்தி அது: ‘பி செவன்’ என்னும் சுரக்கூட்டு நகரின் மறுகோடியில் வாழும் ஒருவருக்குத் தெரியும் எனக் கேள்வியுற்று, அதனைக் கற்பதற்காகவே அவர்கள் பேருந்தேறிச் சென்றார்களாம். இதனை இளைஞரின் ஆர்வத்துக்கு எடுத்துக்காட்டாகவே பலரும் சொல்லி வருகின்றனர். ஆனால் இதில் அடங்கியுள்ள வினா வேறு. ஒரு சுரக்கூட்டுக்காக ஒரு பேருந்துப் பயணம் ஏன் தேவைப்பட்டது? அதற்கு முன்னரே அவர்களுக்கு ‘ஈ’, ‘ஏ’ ஆகிய கூட்டுக்கள் கைவந்திருந்தன. ‘ஈ’யை ஆதாரமாகக் கொண்ட பாடலொன்றுக்கு மூன்றாவது கூட்டாகப் ‘பி செவன்’ இன்றியமையாதது. அது இல்லாதபோது பாடல் எங்கோ சென்று வீடு திரும்பாது நிற்கின்றது. அப்பையன்களின் செவி அக்குறையை உணர்ந்தது. அவர்களின் அறிவுக்கு அதன் காரணம் எட்டவில்லை.

அக்காரணமோ அவர்களின் விரல்களுக்கு அடியிலேயே இருந்தது. ‘பி செவன்’ கூட்டைக் கிற்றாரின் தலைப்பக்கத்தில் பிடிக்கும்போது நான்காம் தந்தியில் முதலாம் மெட்டிலும், மூன்றாம் தந்தியில் இரண்டாம் மெட்டிலும் விரல்கள் அமைகின்றன. அங்கிருந்து ‘ஈ’ கூட்டுக்குச் செல்லுங்கால், நான்காம் தந்தியின் சுரம் ஒரு மெட்டு மேலேறுகின்றது. மூன்றாம் தந்தியின் சுரம் ஒரு மெட்டுக் கீழிறங்குகின்றது. ஐந்தாம் தந்தியில் இரண்டாம் மெட்டிலுள்ள விரல் அசையாது நிற்கின்றது. அதாவது ‘டி ஷார்ப்’ என்பது ‘ஈ’க்கும், ‘ஏ’ என்பது ‘ஜீ ஷார்ப்’புக்கும் அரைச்சுர அளவில் நகர்கின்றன. ஒன்றோடொன்று பிணங்கி நின்ற இரு சுரங்கள் எதிரெதிர்த் திசையில் ஓரடி வைத்து இணங்குகின்றன. ஐரோப்பிய ஒத்திசைக் கோட்பாடு நூற்றாண்டுக் கணக்காகப் பேசிவரும் அழுத்தமும் விடுதலையும் இவ்விரு விரல்களின் அசைவில் முழுமையாக அடங்கியுள்ளன. எந்தத் தற்பயிற்சி நூலும் கூட்டின் படத்தை அச்சிடுகின்றது, புள்ளிகளை வைக்கின்றது, ‘மாற்றிப் பழகுக’ என்கின்றது. மாற்றும்போது எந்த விரல் எங்கே செல்கின்றது, அது ஏன் இன்பமாக ஒலிக்கின்றது என்பதைச் சொல்ல இரண்டு வாக்கியங்கள் போதும். அவ்விரண்டு வாக்கியங்களைச் சொல்லும் நூல்கள் அரியன.

இக்குறையைச் சுட்டுவோர் வழக்கமாகச் செல்லும் வழி வேறு. ‘சுரக்கூட்டுப் படங்கள் பாமரருக்கானவை, கோட்பாடே கற்றோருக்கானது, முதலிற் கோட்பாட்டைக் கற்றுவிட்டுக் கருவியைத் தொடுக’ என்பது அவர்களின் வாதம். இது வர்க்கத் திமிர் கலந்த வாதம் மட்டுமன்று, வரலாற்றுக்கும் முரணானது. கிற்றாருக்கான தற்பயிற்சி நூல் இருபதாம் நூற்றாண்டுச் சந்தையின் படைப்பன்று. யுவான் கார்லோஸ் அமாற் என்னும் கற்றலோனிய மருத்துவர் ஐந்து வரிசைத் தந்திகளுடைய அக்காலக் கிற்றாருக்கு 1596ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும் சிறுநூலொன்றை எழுதினார். ஆசிரியர் வாய்க்காதவர்களை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட அந்நூல் சுமார் இரு நூற்றாண்டுக் காலம் மீண்டும் மீண்டும் அச்சேறியது. அவர் செய்தது எளிமையானது. சுரக்கூட்டுக்களுக்கு எண்களை இட்டார். பெருங்கூட்டுக்கள் 12, சிறுகூட்டுக்கள் 12 என 24ஐ ஒரு வட்டத்துள் அமைத்தார். அவ்வட்டத்தில் ஒரு கூட்டிலிருந்து அடுத்ததற்குச் செல்லும் தொலைவு எங்கும் ஒன்றே. அது நான்காம் சுரத்தின் தொலைவு. எண்ணைப் பார்த்து விரலை வைக்கும் பாமரன், தான் அறியாமலே சுருதிகளின் வட்டத்தைச் சுற்றிவந்தான். ஆகவே படமும் கோட்பாடும் பகைவர் என்பது பின்வந்தோர் கற்பித்த கதை. முதல் நூலிலேயே அவை ஒன்றாயிருந்தன.

இதற்கு மறுதுருவமாக அமைவது பெர்னாண்டோ சோர் 1830இல் பாரிசில் வெளியிட்ட கிற்றார் முறைநூல். சோர் தேர்ந்த இசையாக்குநர்; மொன்செராற் மடத்தில் இளமையிலேயே முறையான இசைக்கல்வி பெற்றவர். கையை இவ்வாறு வை என்று கட்டளையிடுவதோடு அவர் அமைவதில்லை. தந்தி எத்திசையில் அதிர்கின்றது, கட்டைவிரல் தண்டியின் பின்புறம் எங்கே நின்றால் மற்றை விரல்கள் இயல்பாக வளையும் என ஒவ்வொன்றுக்கும் நியாயம் தேடுகின்றார். மூன்றாம், ஆறாம் சுர இணைகளை அறிந்தவனுக்கு விரலமைப்பிற் பெரும்பகுதி தானே புலப்படும் என்பது அவரது அடிப்படை நிலைப்பாடு. ஆசிரியரின் அதிகாரத்துக்குப் பதிலாகப் பகுத்தறிவை அமர்த்த முயன்ற நூல் அது. அந்த வகையில் வீட்டிலிருந்து கற்போனுக்கு உகந்த மனப்பாங்கு சோரிடமே உளது. ஆனால் அந்நூலை எடுத்துத் தொடங்குபவன் பத்துப் பக்கம் தாண்டான். அது கற்றோருடன் உரையாடுவது. வாசிக்க ஒரு சிறு பாடலைக்கூடத் தராது நெடுந்தூரம் நியாயம் பேசுவது. வீடனிடம் கை உண்டு, காரணம் இல்லை. சோரிடம் காரணம் உண்டு, கை தாமதமாகவே வருகின்றது. கிற்றார்க் கல்வி இலக்கியத்தின் பெரும்பகுதி இவ்விரண்டுக்குமிடையே எங்கோ தடுமாறி நிற்கின்றது எனலாம்.

பொதுவான இசைக்கோட்பாட்டு நூல்களின் நிலை இன்னும் பரிதாபமானது. அவை பியானோவை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. வெள்ளைக் கட்டைகளால் ஆன ‘சீ’ சுரவரிசையே அவற்றில் எளியது. ஷார்ப், பிளாற் என்பன பின்னர் வரும் இடர்கள். கிற்றாரில் அவ்வாறான வெள்ளையும் கறுப்பும் இல்லை. ஒவ்வொரு மெட்டும் ஓர் அரைச்சுரம். எந்தச் சுரவரிசையையும் அப்படியே இரு மெட்டு மேலே நகர்த்தினால் அது வேறொரு சுருதியில் ஒலிக்கும். பியானோ மாணவன் வாரக்கணக்கில் உழைத்துப் பெறும் சுருதி மாற்றத்தைக் கிற்றார் மாணவன் கையை நகர்த்தியே பெறுகின்றான். மறுபுறம், பியானோவில் ஒரு சுரத்துக்கு ஓரிடமே உண்டு. கிற்றாரிலோ ஒரே சுரம் மூன்று நான்கு தந்திகளில் வெவ்வேறிடத்தில் மறைந்து நிற்கும். ஆகவே கருவிக்குக் கருவி எளிமையும் கடினமும் இடம் மாறுகின்றன. இதனைக் கருதாது ‘சீ’யிலிருந்து தொடங்கும் நூல், கிற்றார் மாணவனை அவனது சொந்த வீட்டிலேயே அந்நியனாக்குகின்றது.

கிற்றாரின் தண்டியே ஒரு கோட்பாட்டு நூல் என்பது வெறும் அணியன்று. செவ்வியல் கிற்றார்களில் தந்தியின் நீளம் பெரும்பாலும் 650 மில்லிமீற்றர். பன்னிரண்டாம் மெட்டு தலைமுனையிலிருந்து சரியாக 325 மில்லிமீற்றரில், அதாவது நடுவில், உள்ளது. அங்கே அழுத்தினால் ஒரு ஸ்தாயி உயர்ந்த அதே சுரம் கேட்கும். இயற்கையான ஐந்தாம் சுரத்துக்குத் தந்தியின் மூன்றிலொரு பங்கை நீக்க வேண்டும், அவ்விடம் 216.7 மில்லிமீற்றர். ஏழாம் மெட்டு இருப்பதோ 216.2இல். அரை மில்லிமீற்றர் வேறுபாட்டை எவர் செவியும் பெரிதாக உணராது. மூன்றாம் சுரத்தின் கதை வேறு. தந்தியின் ஐந்திலொரு பங்கை நீக்கினால் இனிய மூன்றாம் சுரம் 130 மில்லிமீற்றரில் கிடைக்கும். நான்காம் மெட்டு நிற்பதோ 134இல். நான்கு மில்லிமீற்றர் சிறிதன்று. அரைச்சுரமொன்றை 100 பங்காக்கினால் இவ்வேறுபாடு ஏறத்தாழ 14 பங்காகும். பன்னிரண்டு அரைச்சுரங்களையும் சமமாக்கிய பங்கீட்டுக்கு மேனாட்டு இசை கொடுத்த விலை இது.

இவ்விலையைத் தனித்துக் கற்போனே முதலில் செலுத்துகின்றான். எல்லா வீடுகளிலும் நிகழும் ஒரு துன்பம் உண்டு. கற்போன் ‘ஈ’ கூட்டை வாசிக்கின்றான். மூன்றாம் தந்தி சற்றுக் கூடுதலாக ஒலிப்பதுபோல அவனுக்குத் தோன்றுகின்றது. பிருடையை இலேசாகத் தளர்த்துகின்றான். கூட்டு தேனாக இனிக்கின்றது. உடனே ‘ஜீ’ கூட்டை வாசித்தால் அது கசக்கின்றது. மூன்றாம் தந்தியை மீண்டும் ஏற்றுகின்றான். ‘ஜீ’ இனிக்க, ‘ஈ’ கசக்கின்றது. ஒரு மணிநேரம் இவ்வாறு போராடிவிட்டுத் தன் செவியே பழுது என முடிவு செய்கின்றான். உண்மை அதற்கு நேர்மாறானது. ‘ஈ’ கூட்டில் மூன்றாம் தந்தி தருவது ‘ஜீ ஷார்ப்’ என்னும் மூன்றாம் சுரம். சமபங்கீட்டிலே 14 பங்கு கூடியிருக்கும் அதே சுரம். அவன் செவி இயற்கையான மூன்றாம் சுரத்தைத் தேடியது; கருவி சமபங்கீட்டைத் தந்தது. ‘ஜீ’ கூட்டிலோ அதே தந்தி திறந்த நிலையில் ஆதார சுரத்தையே தருகின்றது. அதனைத் தளர்த்தினால் கூட்டின் அத்திவாரமே சரிகின்றது. அவனிடம் இருந்தது பழுதுபட்ட செவியன்று, கூர்மையான செவி. அதனைச் சொல்ல ஆசிரியன் இல்லை, நூலும் சொல்லவில்லை. இன்று கைபேசியின் சுருதிகாட்டி அவனுக்குச் சரியான இடத்தைக் காட்டிவிடுகின்றது. ஆனால் எது ஏன் சரி என்பதை அதுவும் சொல்வதில்லை. கருவி கைவிடப்படும் நாட்களுள் இத்தகைய நாளொன்றும் இருந்திருக்கக்கூடும் என்பதை எண்ணும்போது, நூல்களின் மௌனம் சிறு குறையாகத் தோன்றவில்லை.

வீணையை அறிந்தோர் இவ்விடத்தே ஒன்றை ஒப்புநோக்கலாம். வீணையின் 24 மெட்டுக்களும் மெழுகிலே பதிக்கப்படுவன. செவியே அவற்றின் இடத்தைத் தீர்மானிக்கின்றது. தந்தியை இழுத்துக் கமகம் பிடிக்கும் கலைஞன் மெட்டின் தீர்ப்பையும் மேவிச் செல்கின்றான். கிற்றாரின் மெட்டுக்களோ கணக்கிட்டு வெட்டிய பள்ளங்களிற் பதித்த உலோகம். முன்னையதில் கோட்பாடு கலைஞனின் செவியில் உறைகின்றது. பின்னையதில் அது கருவியிலேயே உறைந்துவிட்டது. குருவின்றி வீணை கற்றல் அரிதாயிருப்பதற்கும், குருவின்றிக் கிற்றார் கற்போர் உலகெங்கும் பெருகியிருப்பதற்கும் சமூகக் காரணங்கள் பல உளவெனினும், இந்தப் பொருண்மைக் காரணத்தைப் புறக்கணித்தல் ஆகாது.

தமிழிலே தனித்து நின்று இசைக்கோட்பாடு தேடியவர்களை எண்ணும்போது விபுலாநந்த அடிகளின் நினைவு தவிர்க்கவியலாதது. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரான அடிகளார் விஞ்ஞானத்திற் பயிற்சி பெற்றவர். 1947இல் வெளிவந்த அவரது ‘யாழ் நூல்’, வழக்கொழிந்து போன ஒரு கருவியின் இசையைச் சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் துணைக்கொண்டு மீட்க முயன்றது. யாழை மீட்டிக் காட்ட ஆசான் எவரும் உயிரோடில்லை. ஏடும் உரையும் கணிதமும் மட்டுமே இருந்தன. ஒருவகையில் யாழைக் கற்க முனையும் எவரும் தற்பயிற்சி மாணவரே. அந்நூலை எல்லோரும் போற்றுகின்றனர், சிலரே படிக்கின்றனர் என்ற வழக்கமான முறைப்பாடு இருக்க, அதன் முறையியல் கிற்றாருடன் வீட்டில் அமர்ந்திருக்கும் இளைஞனுக்கும் பயன்படும் என்பது கூறப்படுவதில்லை.

பழந்தமிழிசையில் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழு சுரங்கள். குரலுக்கு ஐந்தாவதாக அமைவது இளி. குரலிலிருந்து இளியைப் பெற்று, அவ்விளியைக் குரலாக்கி அதன் இளியைப் பெற்று, இவ்வாறே செல்லச் சுரங்கள் அனைத்தும் பிறக்கும். பன்னிரண்டு இராசிகளை வீடுகளாகக்கொண்டு சுரங்களை நிறுத்தும் வட்டப்பாலையை உரையாசிரியர்கள் விளக்கியுள்ளனர். கிற்றாரில் ஆறாம் தந்தியில் எந்த மெட்டையும் குரலாகக் கொண்டால், அதன் இளி ஐந்தாம் தந்தியில் இரண்டு மெட்டு மேலே உள்ளது. இவ்விரண்டை மட்டும் சேர்த்து ஒலிப்பதே றொக் இசைஞர் ‘பவர் கோட்’ என அழைத்து, ஒலிபெருக்கியின் முழுவலிமையோடும் முழக்குவது. பழமையின் காவலர் செவியைப் பொத்திக்கொள்ளும் அந்த முழக்கம் குரலும் இளியுமன்றி வேறில்லை.

பன்னிரண்டு முறை இளி எடுத்துச் சென்றால் தொடங்கிய சுரத்துக்கே மீளவேண்டும். ஆனால் இயற்கையான இளியை எடுத்துச் செல்லும்போது வட்டம் சரியாக மூடுவதில்லை. ஏழு ஸ்தாயி கடந்து, அரைச்சுரத்தின் காற்பங்கு அளவு மிகையாகச் சென்று நிற்கும். அந்த மிகையைப் பன்னிரண்டு இளிகளுக்கும் பகிர்ந்து, ஒவ்வொன்றையும் மயிரிழை குறைத்ததே சமபங்கீடு. ஏழாம் மெட்டின் அரை மில்லிமீற்றருக்கு விளக்கம் இதுவே. இவ்வாறே, ஒரே சுரங்களை வைத்துக்கொண்டு குரலாகக் கொள்ளும் சுரத்தை மட்டும் மாற்றினால் வெவ்வேறு பாலைகள் பிறக்கும் என்பது பண்ணாராய்ச்சியின் அடிப்படை. எந்தப் பாலைக்கு இன்றைய எந்த இராகம் நேரானது என்பதில் ஆபிரகாம் பண்டிதர் முதலாக ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடுகள் உள. முறை மட்டும் ஐயத்துக்கு இடமின்றித் தெளிவானது. மேனாட்டு நூல்கள் ‘மோட்’ என்ற தலைப்பில், கிரேக்கப் பெயர்கள் ஏழை மனனஞ்செய்யுமாறு பணித்து, மாணவரை மருட்டும் பாடமும் இதுதான். தமிழ் மாணவனுக்கு அப்பெயர்கள் ஏழும் சுமை. செம்பாலை, படுமலைப்பாலை என்ற பெயர்களும் இன்று அவனுக்குச் சுமையே. பெயர்களை விடுத்து, ஒரு தந்தியை ஆதாரமாக ஒலிக்கவிட்டு, மேலே அதே ஏழு சுரங்களை வாசித்து, பின்னர் ஆதாரத்தை மட்டும் மாற்றிக் கேட்குமாறு ஒரு நூல் சொல்லுமாயின், அரை மணி நேரத்தில் அவனுக்கு அது விளங்கிவிடும்.

செவிக்கு இடமளிக்காமை இவ்வகை நூல்களின் பொதுக்குறை. டப்லேச்சர் எனப்படும் குறிமுறையை நோக்குக. ஆறு கோடுகள் ஆறு தந்திகளையும், எண்கள் மெட்டுக்களையும் குறிக்கும் இம்முறை பதினாறாம் நூற்றாண்டிலேயே வழக்கிலிருந்தது. இன்று இணையத்தில் மலிந்து கிடப்பதும் இதுவே. இது விரலுக்கு முகவரி தருகின்றது. அம்முகவரியில் யார் வசிக்கிறார் என்பதைச் சொல்வதில்லை. ஐங்கோட்டுக் குறிப்பும் தன்னளவில் மேலானதன்று. குறிப்பைப் பார்த்து விரலை வைக்கும் பழக்கம் மட்டுமே ஏற்பட்டால் அதுவும் வேறொரு முகவரிப் பட்டியலே. கர்நாடக சங்கீதத்தின் தொடக்கநிலை மாணவி சரளி வரிசையை வாயாற் பாடுகின்றாள். சுரத்தின் பெயரும் ஒலியும் அவளிடம் ஒன்றாகவே பதிகின்றன. கிற்றார்த் தற்பயிற்சி நூல்களில் ‘வாசிக்குமுன் பாடுக’ என்ற ஒரு வரி இருந்திருப்பின் எத்தனையோ பக்கங்கள் மிச்சமாகியிருக்கும்.

தற்பயிற்சிக்கு எல்லை உண்டு என்பதை மறைத்தல் நேர்மையன்று. மணிக்கட்டை மிகையாக மடித்து வாசிப்பவனை நூல் திருத்தாது. காணொளியும் திருத்தாது, ஏனெனில் அது பேசுமேயன்றி அவனைப் பார்ப்பதில்லை. மாதக்கணக்கில் ஊறிய பிழையை அகற்றுதல் புதிதாகக் கற்பதினும் கடிது. அன்ட்ரே செகோவியா தமக்குத் தாமே ஆசானும் மாணவனும் எனப் பெருமையுடன் கூறிக்கொண்டவர். அவருக்கும் தறேகாவின் வழிவந்த இசைப்படிகளும், அவற்றை வாசித்தோரின் தொடர்பும் இருந்தன. லிவர்பூல் பையன்களுக்கு ஒரு பேருந்தும், மறுகோடியில் ஒருவரும் இருந்தனர். ஜோன் லெனனுக்கு முதலிற் கைகாட்டியவர் அவரது தாய். அவர் அறிந்தது பாஞ்சோ ஆதலின், மகனும் தொடக்கத்தில் பாஞ்சோவின் பிடிகளையே கிற்றாரில் வாசித்தான். தனித்துக் கற்றோர் எனப் பேசப்படும் எவரும் முற்றாகத் தனித்திருந்ததில்லை. நூலை மட்டுமே வைத்திருந்தோர்தாம் பெரும்பாலும் அந்த 90 வீதத்துள் அடங்கியோர் எனக் கருத இடமுண்டு.

ஈழத்துச் சூழலில் இவ்விடயம் மேலோட்டமாகவே பேசப்பட்டு வந்துள்ளது. 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோர் வளர்த்த தமிழ்ப் பொப் இசையும், அதே காலத்தில் கிளரன்ஸ் விஜேவர்த்தன முதலியோர் சிங்கள இசையிற் கொண்டுவந்த மாற்றமும் கிற்றாரை இந்நாட்டின் திருமண வீடுகளுக்கும் சுற்றுலாப் பேருந்துகளுக்கும் உரிய கருவியாக்கின. அதனை எதிர்த்தோர் ‘மூன்று கூட்டுக்களில் முடியும் சங்கீதம்’ என எள்ளினர். ஆதரித்தோர் ‘மக்கள் விரும்புகின்றனர்’ என்பதோடு அமைந்தனர். அந்த மூன்று கூட்டுக்கள் ஒன்றோடொன்று எவ்வாறு பிணைந்துள்ளன, அப்பிணைப்பிலிருந்து நான்காவது எவ்வாறு பிறக்கும் என்ற வினாவை இரு தரப்பினரும் எழுப்பவில்லை. எள்ளியவர்களுக்கு அது தேவைப்படவில்லை. சுற்றுலாப் பேருந்தின் பின்னிருக்கையில் அமர்ந்து வாசித்தவனுக்கோ அது மிகவும் தேவைப்பட்டது.

அத்தகைய ஒருவனுக்காகத் தமிழில் ஒரு கையேடு எழுதப்படுமாயின் அது ‘சீ’ சுரவரிசையிலிருந்து தொடங்கவேண்டியதில்லை. ஆறாம் தந்தியைத் திறந்தபடி ஒலிக்கச் செய்து, அதனைக் குரலாக வாயாற் பாடச்செய்து, ஏழாம் மெட்டில் அதன் இளியைத் தேடச் சொல்லலாம். பின்னர் அதே இளியை ஐந்தாம் தந்தியின் இரண்டாம் மெட்டிற் கண்டுபிடிக்க விடலாம். முதல் நாளுக்கு அவ்வளவு போதும். ‘ஈ’, ‘ஏ’, ‘பி செவன்’ மூன்றும் அடுத்த வாரம் வரும். நான்காம் தந்தியில் ஒரு மெட்டு ஏற்றமும் மூன்றாம் தந்தியில் ஒரு மெட்டு இறக்கமும் அப்போது விளக்கப்படலாம். சுருதி சேர்க்கும் அதிகாரத்தில், ‘ஈ’ இனித்து ‘ஜீ’ கசந்தால் பிருடையை விட்டுவிடுக, செவியில் பிழையில்லை என்ற குறிப்பொன்றும் தடித்த எழுத்தில் இடம்பெற வேண்டும்.